இருட்டில் நேராகப் பார்த்தால் ஏன் தெரிவதில்லை?

கேள்வி இதுதான். தேவனாம்பட்டினம் பக்கம் வீடு, கரண்ட் போன ராத்திரிகளில் மொட்டைமாடியில் படுத்து வானம் பார்ப்பவர் ஒருவர் கேட்கிறார்: மங்கலான நட்சத்திரத்தை நேராகப் பார்த்தால் காணாமல் போகிறது, பார்வையைக் கொஞ்சம் விலக்கினால் திரும்ப வந்துவிடுகிறது, கண்ணில் ஏதாவது கோளாறா? கூடவே, 64 வயதான அப்பா இருட்டிய பிறகு புதுச்சேரி ரோட்டில் கார் ஓட்ட முடியவில்லை என்கிறார், இரண்டும் ஒரே பிரச்சினையா?

உங்கள் கண்ணில் கோளாறு இல்லை. அந்த நட்சத்திரம் நேராகப் பார்த்தும் பளிச்சென்று தெரிந்திருந்தால்தான் நான் கொஞ்சம் யோசித்திருப்பேன். அப்பா விஷயம் வேறு, அதைக் கடைசியில் சொல்கிறேன். கடலூரில் கண் பரிசோதனை செய்கிற வேலையில் இருபது வருடமாக இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் "பகலில் நல்லாத் தெரியுது சார், ராத்திரிதான்..." என்று ஆரம்பிப்பார்கள். இவர்களுக்கெல்லாம் நான் முதலில் சொல்வது ஒன்றே ஒன்று. பகலில் நீங்கள் பார்க்கிற கண்ணும் இருட்டில் பார்க்கிற கண்ணும் ஒன்றல்ல. ஒரே உருண்டைக்குள் இரண்டு கருவி இருக்கிறது, இரண்டுக்கும் விதிமுறை வேறு.

பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள், கூம்பு செல், குச்சி செல் என்று. பரீட்சையோடு மறந்தும் போயிருக்கும். விழித்திரையில் கூம்பு செல்கள் ஐம்பது அறுபது லட்சம், குச்சி செல்கள் ஒன்பது முதல் பன்னிரண்டு கோடி. நிறம், நுணுக்கம், எழுத்து வாசிப்பது எல்லாம் கூம்பு செல்களின் வேலை. அவை விழித்திரையின் நடுப்புள்ளியில், ஃபோவியா என்று சொல்கிற இடத்தில், நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன. எதையாவது "நேராகப் பார்க்கிறேன்" என்றால் அதன் பிம்பத்தை அந்தப் புள்ளியில் கொண்டுபோய் வைக்கிறோம் என்று அர்த்தம். அந்தப் புள்ளியின் நட்டநடுவில் குச்சி செல் ஒன்றுகூடக் கிடையாது. கையை நீட்டி கட்டைவிரலைத் தூக்கினால் நகம் எவ்வளவு இடத்தை மறைக்குமோ ஏறக்குறைய அந்த அளவு வட்டம். மங்கிய ஒளிக்குக் கூம்பு செல் அசையாது, குச்சி செல்தான் பதில் சொல்லும், அதுவோ அங்கே இல்லை. ஆக, இருட்டில் நம் எல்லோருக்கும் பார்வையின் மையத்தில் ஒரு குருட்டுப் பொட்டு இருக்கிறது. நட்சத்திரத்தை ஆசையாகத் திரும்பிப் பார்க்கும்போது அதைத் தூக்கி அந்தக் குழிக்குள் போட்டுவிடுகிறீர்கள், அவ்வளவுதான்.

குச்சி செல்கள் மிக அடர்த்தியாக இருப்பது நடுவிலிருந்து சுமார் 20 டிகிரி தள்ளி. அதற்காக அவ்வளவு தூரம் விலக வேண்டியதில்லை, பத்து பதினைந்து டிகிரி போதும். தொலைநோக்கி வைத்து வானம் பார்ப்பவர்கள் எல்லோரும் இந்த ஓரப்பார்வையைப் பழகி வைத்திருப்பார்கள். நம் ஊரிலும் இதற்குப் பழைய பரீட்சை ஒன்று உண்டு, கல்யாணத்தில் அருந்ததி பார்ப்பது. சப்தரிஷி மண்டலத்தின் வால் பகுதியில் வசிஷ்டர், அதை ஒட்டி மங்கலாக அருந்ததி. பெரும்பாலான கல்யாணங்களில் பட்டப்பகலில் பந்தலுக்கு வெளியே நின்று, ஐயர் கைகாட்டிய திசையில் "தெரியுது தெரியுது" என்று தலையாட்டிவிட்டு வருகிறோம். நானும் அப்படித்தான் ஆட்டினேன். ராத்திரியில் உண்மையாகவே பார்க்க முயன்றால், தெருவிளக்கு வெளிச்சம் பரவிய வானத்தில் அருந்ததியை நேராக முறைப்பதைவிட வசிஷ்டருக்குச் சற்று அந்தப் பக்கம் பார்வையை வைத்தால் சுலபமாகச் சிக்கும்.

பேய்க் கதைகளில் பாதி இதிலிருந்து வந்திருக்கும் என்பது என் சொந்த அபிப்பிராயம். "வேப்பமரத்தடியில் வெள்ளையா நின்னுச்சு, திரும்பிப் பார்த்தேன், காணோம்." கடைக்கண்ணில் வெள்ளை வேட்டியோ சாக்கோ குச்சி செல்களுக்குத் தெரிந்திருக்கும், பதறித் திரும்பியதும் அது குழிக்குள் விழுந்து மறைந்திருக்கும். தூரத்தில் ஒற்றை வெளிச்சம் தானாக அலைகிறது என்பதும் இந்த வகைதான். சுற்றிலும் ஒன்றுமே தெரியாத இருட்டில் ஒரு புள்ளி வெளிச்சத்தை மட்டும் உற்றுப் பார்த்தால், அசையாத புள்ளிகூட மெல்ல நகர்வதாகத் தோன்றும், ஒப்பிட வேறு பிடிமானம் இல்லாததால். கொள்ளிவாய்ப் பிசாசு எல்லாமே இதுதான் என்று சொல்லவில்லை, ஆனால் விசாரணையை இங்கிருந்து தொடங்கலாம்.

சரி, அடுத்தது நேரம். "கண்ணு இருட்டுக்குப் பழகணும்" என்று பாட்டி சொல்வது அப்படியே சரி. ஆனால் அந்தப் பழக்கத்துக்குக் காரணம் கண்ணின் கருமணி விரிவதுதான் என்று படித்தவர்களே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கருமணி நல்ல வெளிச்சத்தில் 2 மில்லிமீட்டர், இருட்டில் வாலிப வயதில் 7, 8 மில்லிமீட்டர் வரை விரியும். பரப்பளவில் கணக்குப் போட்டால் 16 மடங்கு. அதுவும் சில நொடிகளில் நடந்து முடிந்துவிடும். ஆனால் வெயிலிலிருந்து இருட்டறைக்குப் போனவரின் கண் அரைமணி நேரத்தில் லட்சம் மடங்கு அளவுக்குக் கூர்மை பெறுகிறது. 16 எங்கே, லட்சம் எங்கே?

நம்பாவிட்டால் வீட்டிலேயே சோதிக்கலாம், செலவில்லை. விளக்கு எரிகிற அறையில் ஒரு கண்ணை மட்டும் துணியை மடித்து வெளிச்சம் புகாமல் கால்மணி இருபது நிமிஷம் கட்டி வையுங்கள். அப்புறம் விளக்கை அணைத்துவிட்டுக் கட்டை அவிழ்த்து, கண்களை மாற்றி மாற்றி மூடிப் பாருங்கள். கட்டியிருந்த கண்ணுக்கு அலமாரி, நாற்காலி எல்லாம் சாம்பல் நிறத்தில் தெரியும், மற்றக் கண்ணுக்கு மை பூசியது போல இருக்கும். இரண்டு கருமணியும் எப்போதும் சேர்ந்தே சுருங்கி விரிபவை, இடது வலது வித்தியாசம் கிடையாது. அப்படியானால் இந்த வேறுபாடு கருமணியால் வந்திருக்க முடியாது, விழித்திரைக்குள்தான் ஏதோ நடந்திருக்க வேண்டும்.

நடப்பது ரசாயனம். குச்சி செல்லுக்குள் ரொடாப்சின் என்ற செவ்வூதா நிறமி இருக்கிறது. தவளையின் விழித்திரையில் அந்தச் சிவப்பு, வெளிச்சம் பட்டதும் வெளுத்துப் போவதை 1876இல் ஃப்ரான்ஸ் போல் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்தார். வைட்டமின் ஏ வழியில் வந்த ஒரு சின்ன மூலக்கூறு அந்தப் புரதத்துக்குள் வளைந்து செருகியிருக்கும். ஒரே ஒரு ஒளித்துகள் பட்டால் போதும், வளைந்தது நிமிர்ந்துவிடும், செல்லுக்குச் செய்தி போய்விடும். பார்ப்பது என்ற காரியத்தில் ஒளியின் பங்கு அத்தோடு முடிந்தது. நிமிர்ந்ததை மறுபடி வளைத்துச் செருகினால்தான் அந்த மூலக்கூறு அடுத்த தடவைக்கு உதவும். அந்த வளைக்கும் வேலை விழித்திரைக்குப் பின்னால் உள்ள நிறமிப் படலத்தில், அதன் சொந்த வேகத்தில் நடக்கிறது. அவசரப்படுத்த முடியாது. இந்தச் சுழற்சியை விளக்கியதற்காக ஜார்ஜ் வால்டுக்கு 1967இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பகல் வெயிலில் நிறமி பெருமளவு வெளுத்துக் கிடக்கும். இருட்டுக்குள் வந்த முதல் ஏழெட்டு நிமிஷம் கூம்பு செல்கள் தங்களால் முடிந்தவரை தேறிக்கொள்கின்றன, அதற்கு மேல் அவற்றால் ஆகாது. அதன்பிறகுதான் குச்சி செல்கள் முந்துகின்றன. முழுக்கத் தேற முப்பது நாற்பது நிமிஷம். நாள் முழுக்கக் கடற்கரை வெயிலில் கிடந்தவர்களுக்கு இன்னும் தாமதமாகும்.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் எங்களுக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறியதே, அதற்கப்புறம் எங்கள் தெருவில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. முதல் நாட்களில் வாசல்படியில் இடறிக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். பொங்கல் சமயம், நிலா தாமதமாகக் கிளம்புகிற ராத்திரிகளில், டார்ச் இல்லாமலே விழுந்த முருங்கை மரத்தைச் சுற்றிக்கொண்டு அடிபம்புக்குப் போய் வந்தோம். கண் மாறிவிடவில்லை. பொழுது சாய்ந்த பிறகு டியூப்லைட், டிவி, போன் எதுவும் நடுவில் வந்து கெடுக்காததால் எல்லோருடைய கண்ணும் அதன் முழுத் திறமையில் இருந்தது, அவ்வளவே. இன்றைக்கு ஒருவர் மொட்டைமாடிக்குப் போய் அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் போனை எடுத்துப் பார்த்துவிட்டு "ஒண்ணும் தெரியலையே" என்கிறார். எப்படித் தெரியும்?

அந்த முழுத் திறமை எவ்வளவு என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். 1942இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஹெக்ட், ஷ்லேர், பிரென் என்ற மூன்று பேர் நாற்பது நிமிஷம் இருட்டில் உட்கார்ந்து, நேர்ப்பார்வைக்கு 20 டிகிரி தள்ளி, ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் மின்னுகிற நீலப்பச்சை ஒளியைக் காட்டி, எவ்வளவு குறைத்தால் தெரியாமல் போகிறது என்று அளந்தார்கள். கண்ணின் முகப்பில் 54 முதல் 148 ஒளித்துகள்கள் வந்தால் போதும், மின்னல் தெரிந்தது. அதில் பெரும்பகுதி வழியிலேயே வீணாகிறது. குச்சி செல்கள் உண்மையில் உள்வாங்கியது 5 முதல் 14 வரைதான். அந்த வெளிச்சம் விழுந்த இடத்தில் ஏறக்குறைய 500 குச்சி செல்கள். ஆக ஒரே செல்லில் இரண்டு துகள் விழ வாய்ப்பு மிகக் குறைவு. ஒரு செல் ஒரே ஒரு ஒளித்துகளுக்குப் பதில் சொல்கிறது என்பதை எலக்ட்ரானிக் கருவி எதுவும் செல்லைத் தொடாமல், வெறும் கணக்கிலேயே சொல்லிவிட்டார்கள். பிற்பாடு 1970களின் கடைசியில் தேரையின் குச்சி செல்லில் அதை நேரடியாகவே அளந்து காட்டினார்கள்.

இந்தக் கூர்மைக்குக் கொடுக்கும் விலைதான் நீங்கள் இருட்டில் படுகிற அவஸ்தைகள் எல்லாம். தேர்தலை நினைத்துக்கொள்ளுங்கள். தெருவுக்கு ஒரு ஓட்டுப்பெட்டி வைத்தால் எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்று தெரியும். ஊருக்கே ஒரு பெட்டி என்றால் மொத்தம்தான் தெரியும். ஃபோவியாவில் கூம்பு செல்லுக்குத் தனித்தனிப் பெட்டி. குச்சி செல்கள் நூற்றுக்கணக்கில் ஒரே பெட்டியில் போடுகின்றன. அதனால்தான் நாலைந்து துகள் வந்தாலும் "ஏதோ இருக்கிறது" என்று சொல்ல முடிகிறது, அதே காரணத்தால் அது நாயா, சுருட்டிப் போட்ட வலையா என்று சொல்ல முடிவதில்லை. பௌர்ணமி வெளிச்சத்தில் ஆள் வருவது தெரியும், பேப்பரில் தலைப்பைத் தடுமாறிப் படிக்கலாம், செய்தியைப் படிக்க முடியாது.

நிறத்தின் கதைக்குப் புதுச்சேரி போக வேண்டும். சாயங்காலம் பிரெஞ்சுக்காரர் தெருக்களில், விளக்கு போடுவதற்குக் கொஞ்சம் முன்னால், மஞ்சள் சுவரில் படர்ந்த காகிதப்பூக் கொடி எதையாவது நின்று பாருங்கள். அஞ்சு மணிக்குச் சிவப்புப் பூ பற்றி எரிகிற மாதிரி இருக்கும், இலை பின்னுக்கு நிற்கும். கருக்கல் நேரத்தில் தலைகீழ். பூ கருத்துப் போய்விடும், இலை வெளிறித் துலக்கமாகத் தெரியும். அங்கே நிற்கிற போலீஸ்காரரின் சிவப்புத் தொப்பியும் அப்படித்தான், கருப்பாகிவிடும். செக் நாட்டவரான புர்கின்யே இதை விடியற்காலைப் பூக்களில் கவனித்து 1825இல் எழுதிவைத்தார், அவர் பெயரிலேயே இன்றும் சொல்கிறோம். கூம்பு செல்கள் எல்லாம் சேர்ந்து அதிகம் ருசிப்பது 555 நானோமீட்டர் பச்சைமஞ்சளை. குச்சி செல் ருசிப்பது 500 பக்கம், நீலப்பச்சை. சிவப்பு அதற்கு ஏறக்குறையக் கண்ணிலேயே படாது. குச்சி செல் ஒரே வகை என்பதால் நிறம் பிரிக்கவும் தெரியாது. மார்கழியில் விடிவதற்கு முன் கலர்க்கோலம் போடுகிறவர்களுக்கு இது அனுபவத்தில் தெரியும். தெருவிளக்கு எரியாத ஒருநாள் என் அம்மா மயிலின் கழுத்துக்கு அரக்குச் சிவப்பைத் தூவிவிட்டு, வெளிச்சம் வந்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

சிவப்பு படாது என்பதில் ஒரு லாபமும் உண்டு. சிவப்பு விளக்கில் கூம்பு செல்லை வைத்துக் காரியம் பார்த்துக்கொள்ளலாம், குச்சி செல்லின் இருட்டுத் தவம் கலையாது. பழைய காலத்தில் இருட்டறையில் எக்ஸ்ரே திரையைப் பார்க்கிற டாக்டர்கள் அதற்கு முன் இருபது முப்பது நிமிஷம் சிவப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு சுற்றியது இதனால்தான். வானம் பார்க்கும்போது டார்ச் முகப்பில் சிவப்புக் காகிதம் ஒட்டிக்கொள்ளுங்கள், போதும். முதுநகர் பக்கம் கடலுக்குப் போகும் பெரியவர் ஒருவர், படகில் யாராவது விளக்கைப் போட்டால் உடனே ஒரு கண்ணை இறுக மூடிக்கொள்வதாகச் சொன்னார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லையாம். நான் மேலே சொன்ன கட்டுக்கண் சோதனையைத்தான் அவர் தினமும் செய்துகொண்டிருக்கிறார்.

அதிகம் பேர் அறியாதது வேகம். இருட்டுக் கண் மந்தமானது. கூம்பு செல் தகவலைச் சட்டென்று அனுப்பிவிடும். குச்சி செல்லோ பத்தில் ஒரு விநாடி வரை சேர்த்து வைத்து அனுப்புகிறது, போட்டோ எடுப்பவர்கள் இருட்டில் ஷட்டரை அதிக நேரம் திறந்து வைப்பது மாதிரி. கடற்கரையில் ஆறு மணிக்கு மேலும் டென்னிஸ் பந்தில் விளையாடுகிற பையன்களைப் பாருங்கள், பந்துவீச்சு அதேதான், ஆனால் பேட்ஸ்மேன் தாமதமாக மட்டையைச் சுழற்றுவான். பந்து வேகமாக வரவில்லை, அவன் மூளைக்குச் செய்தி பிந்தி வருகிறது. சிவப்புப் பந்தாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். இந்தத் தாமதத்தைக் கண்ணாலேயே பார்க்க ஒரு வேடிக்கை இருக்கிறது. நூலில் சாவியைக் கட்டி உங்களுக்கு முன்னால் இடமும் வலமுமாக ஒருவரை ஆட்டச் சொல்லுங்கள். கூலிங்கிளாஸின் ஒரு பக்கத்தை மட்டும் ஒரு கண்முன் பிடித்து, இரண்டு கண்ணையும் திறந்து பாருங்கள். நேர்கோட்டில் ஆடுகிற சாவி முன்னும் பின்னுமாக நீள்வட்டம் போடும். மங்கிய கண்ணின் செய்தி பிந்துவதால் மூளை அதை ஆழமாக மாற்றிக்கொள்கிறது. 1922இல் இதை விளக்கிய புல்ஃப்ரிச் என்ற ஜெர்மானியருக்கு ஒரு கண்ணில் பார்வை இல்லை, அவரால் இதைப் பார்க்கவே முடியாது.

உணவைப் பற்றி இரண்டு வார்த்தை. மாலைக்கண்ணுக்கு ஆட்டு ஈரலும் முருங்கைக்கீரையும் கொடுப்பது மூடநம்பிக்கை இல்லை, ரொடாப்சினுக்கு வேண்டிய கச்சாப்பொருள் அதில்தான் இருக்கிறது. குழந்தைகளுக்கு ஒன்பது மாதத்திலிருந்து ஐந்து வயது வரை வைட்டமின் ஏ சொட்டு கொடுப்பதும் இதற்காகத்தான், தவறவிடாதீர்கள். ஆனால் சத்துக்குறை இல்லாதவர் கிலோ கணக்கில் கேரட் தின்றால் பூனைக்கண் வந்துவிடாது. அந்தக் கதை இரண்டாம் உலகப்போரில் ரேடாரை மறைக்க பிரிட்டிஷ்காரர்கள் பரப்பியது. நல்ல சாப்பாடு சாப்பிட்டும் சின்ன வயதிலேயே அந்தியில் தடுமாறினால், பக்கத்தில் உள்ள பொருள்மேல் இடித்துக்கொண்டால், குச்சி செல்களே தேய்கிற பரம்பரை நோயாக இருக்கலாம். மாமன் மகள், அக்கா மகள் என்று சொந்தத்தில் கட்டுகிற குடும்பங்களில் இது கூடுதலாக வருகிறது. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது, என்ன செய்ய. சர்க்கரை நோய்க்காக விழித்திரையில் லேசர் வைத்துக்கொண்டவர்களுக்கும் ராத்திரிப் பார்வை கொஞ்சம் குறையும், லேசர் சுடுவது பெரும்பாலும் அந்த ஓரப் பகுதியைத்தான்.

இப்போது அப்பா. அவருடையது நீங்கள் கேட்ட நட்சத்திரப் பிரச்சினை இல்லை. ஹெட்லைட் போட்ட ரோட்டில் யாருடைய கண்ணும் முழு இருட்டுக் கண்ணாக இருப்பதில்லை, இரண்டு கருவியும் அரைகுறையாக வேலை செய்கிற இடைநிலை அது. அறுபது வயதில் கருமணி இருட்டிலும் அதிகம் விரியாது, லென்ஸ் மஞ்சளடித்திருக்கும். இருபது வயதுக்காரரின் விழித்திரைக்குப் போகிற வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக்காரருக்குப் போகிறது என்பது பொதுவான கணக்கு. அதன்மேல் கன்னியக்கோவில், கிருமாம்பாக்கம் பக்கம் எதிரே வருகிற ஒவ்வொரு வண்டியும் ஹைபீமில் வெள்ளை எல்இடியை அடித்துவிட்டுப் போகிறது. புரை ஆரம்பித்திருந்தால் அந்த ஒளி லென்ஸுக்குள் சிதறி முழுப் பார்வையையும் பனிமூட்டமாக்கிவிடும், அது கடந்த பிறகும் கண் தேற அவருக்கு உங்களைவிட அதிக நொடிகள் பிடிக்கும். அந்த நொடிகளில் வண்டி ஐம்பது, நூறு மீட்டர் ஓடிவிடும்.

புரை இருக்கிறதா, கண்ணாடி பவர் மாறியிருக்கிறதா என்று கருமணியை விரித்து ஒருதரம் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கண்ணில் மட்டும் குறைந்திருந்தாலோ, பகலில் சினிமா தியேட்டருக்குள் நுழைந்தால் முன்பைவிட ரொம்ப நேரம் தட்டுத்தடுமாறுகிறார் என்றாலோ தள்ளிப்போடாமல் விழித்திரையையும் பார்த்துவிடுங்கள். எதிர் ஹெட்லைட்டை முறைக்காமல் ரோட்டின் இடது ஓரக் கோட்டைப் பார்த்து ஓட்டச் சொல்லலாம், காரின் முன் கண்ணாடியை உள்பக்கமும் துடைத்து வைத்தால் பாதிக் கூச்சம் குறையும். ராத்திரி ஓட்டுவதற்கென்று விற்கிற மஞ்சள் கண்ணாடியை மட்டும் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், ஏற்கெனவே மூன்றில் ஒன்றாகக் குறைந்த வெளிச்சத்தை அது இன்னும் குறைக்கும். ஓட்ட முடியவில்லை என்று அவரே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார், என்னிடம் வருகிற அப்பாக்களில் பாதிப்பேர் சொல்லமாட்டார்கள். சாவியை வாங்கிக்கொண்டு ஆறு மணிக்கு மேல் நீங்கள் ஓட்டுங்கள்.